டாக்டர் சொன்ன கீரை

போன வாரம் வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வராந்தாவில் உட்கார்ந்து, விழித்துக்கொண்டே கனவு கண்டுகொண்டிருந்தேன்.

எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல். அதில் அடங்காத மலை. ஒரு மேகம் மலையின் இடுப்பில் ஈரத் துண்டு மாதிரி சுற்றிக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் மேகம் நிற்கிறது, மலைதான் மெல்ல மெல்ல நகர்ந்து போகிறது... அப்படித் தோன்றும். பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் ஒரு தடவை பாருங்கள். ஆனால் ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து வேண்டாம்.

பக்கத்தில் என் தங்கை சரோஜா. மடியில் டிபன் டப்பா. உள்ளே அறையில் அவள் வீட்டுக்காரர் கோவிந்தசாமி. மூன்று வாரம் கழித்து வந்து டெஸ்டுக்கு ரத்தம் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கொடுத்தாயிற்று. ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம்.

திடீரென்று கதவு திறந்தது. நர்ஸ் வந்தார். நடந்து வரவில்லை... ஓடி வந்தார். கையில் ஒரு தாள். முழுக்க ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தத் தாளிலிருந்து ஓர் எழுத்து மட்டும் என்னைப் பார்த்தது. 'கே'. அதன் பக்கத்தில் மேலே நிமிர்ந்த ஓர் அம்பு. அதைச் சுற்றி சிவப்பு மையில் இரண்டு வட்டம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்தே மூன்றுதான். என், பி, கே.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் சொல்கிறேன், சொல்வதில் எனக்கு அலுப்பே கிடையாது. சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை யூரியாவைக் கட்டிக்கொண்டு வியாபாரம் ஆரம்பித்தவன் நான். இன்று புத்தூரிலும் நகரியிலுமாக மூன்று உரக்கடை. யாரும் கைதூக்கிவிடவில்லை. உர மூட்டையில் பெரிதாக அச்சடித்திருக்குமே... தழைச்சத்துக்கு என், மணிச்சத்துக்கு பி, பொட்டாஷுக்கு கே. அந்த மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். வேளாண்மை படித்துவிட்டு வந்த பையன்கள்கூட என் கடை வாசலில் கை கட்டி நின்று, கரும்பு ஏன் சாய்கிறது என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இலை ஓரம் கருகினால் பொட்டாஷ் பற்றவில்லை என்று அர்த்தம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து வயலைப் பார்த்தே சொல்வேன்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அதே கடை வாசலில் நின்றிருந்தபோது தெரு முழுக்க கரும்புக் காடு மாதிரி அசைந்தது. ஆள், வண்டி, எதிர்க்கடை போர்டு, எல்லாம் காற்றில் ஆடின. அழகாகத்தான் இருந்தது. விழுந்த பிறகுதான் அது பி.பி. என்று தெரிந்தது.

புத்தூரில் ஒரு டாக்டரம்மா. தமிழ் பேசுகிறவர். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாத்திரைய விடாதீங்க. உப்பைக் குறைங்க. பொட்டாசியம் இருக்கற சாப்பாடு நிறைய சாப்பிடுங்க. கிட்னிக்கு டெஸ்ட் பார்த்துட்டேன், நல்லா இருக்கு. அதனால தாராளமா சாப்பிடலாம்."

"பொட்டாசியமா? நம்ம பொட்டாஷா அம்மா?"

"அதேதான். ஆனா உங்க கடை மூட்டையைப் பிரிச்சித் துன்னுடாதீங்க!"

உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பொட்டாசியம் அந்த உப்பைப் பிடித்து வெளியே தள்ளுமாம். ரத்தக் குழாயை இளக விடுமாம். நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் விற்ற சரக்கு, கடைசியில் எனக்கே மருந்து!

அதன் பிறகு என் காலைகள் எப்படி மாறின தெரியுமா? தோட்டத்து மேட்டில் உட்கார்ந்து இளநீர். குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். தண்ணீர் வாய்க்காலில் இறங்குகிற மாதிரி நெஞ்சுக்குள் இறங்கும். கிளை வாய்க்கால், அதிலிருந்து சின்ன வாய்க்கால், கடைசி மடை வரைக்கும் ஈரம் போய்ச் சேருவது தெரியும். சத்தியமாகத் தெரியும். பத்து மணிக்கு ஒரு வாழைப்பழம். மத்தியானம் கீரையும் பருப்பும். சாயங்காலம் அவித்த சர்க்கரைவள்ளி. மூன்று மாதத்தில் பி.பி. இறங்கிவிட்டது. டாக்டரம்மா, மாத்திரையும் வேலை செய்திருக்கிறது என்றார். நான் பொட்டாஷ் என்றேன்.

அப்புறம் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உரத்தோடு சேர்த்து வாழைப்பழமும் சொல்லி அனுப்பினேன். டாக்டரம்மா சொன்னதில் அந்த கிட்னி வாக்கியம் மட்டும் என் காதில் நிற்கவில்லை. நன்றாக இருக்கிற பொருளைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

இப்போது கோவிந்தசாமி.

அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, எழுபத்து நான்கு. அவன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் இரண்டு கரும்புத் தோட்டமும் ஓர் ஓடையும்தான். ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது நாங்கள் தவழ்கிற பிள்ளைகள். இரண்டு ஊரும் ஆந்திராவில் இருந்தன. அப்புறம் எல்லையைத் திருத்தினார்கள். திருத்தணிப் பக்கம் மதராஸோடு சேர்ந்தபோது அவன் ஊர் அங்கே போய்விட்டது. என் ஊர் இங்கேயே நின்றுவிட்டது. சங்கிலி பிடித்து அளந்துகொண்டு போனவர்களை நாங்கள் இரண்டு பேரும் ஓடையில் முழங்கால் நனைய நின்று வேடிக்கை பார்த்தோம்.

"இன்னாடா அளக்கறாங்க?"

"கோடு போடறாங்களாம். அந்தாண்ட எங்க ஊரு, இந்தாண்ட உங்க ஊரு."

"தண்ணில எப்டிடா கோடு போடுவாங்க?"

அவர்கள் போன பிறகு நான் குனிந்து தண்ணீரில் அந்தக் கோட்டைத் தேடினேன். வெயில் நெளிந்தது, மீன் குஞ்சு ஓடியது, மணல் மினுங்கியது. கோட்டைக் காணோம். இன்றைக்கும் மத்தியானத் தூக்கத்தில் சில நாள் தேடுகிறேன்.

கோடு தண்ணீரில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருந்தது. அவனுக்குத் தமிழ் தொடர்ந்தது. எனக்கு மூன்றாம் வகுப்பில் தெலுங்கு வாத்தியார் வந்தார். கொம்பு வளைந்த கடாக்கள் வரிசையாக நிற்கிற மாதிரி கரும்பலகை முழுக்கப் புது எழுத்து. அந்த வருஷத்தோடு என் படிப்பும் முடிந்தது. ஆக, தமிழில் இரண்டு வருஷம், தெலுங்கில் ஒரு வருஷம். தமிழை அப்புறம் மூட்டை பார்த்தும் பேப்பர் பார்த்தும் நானே கற்றுக்கொண்டேன். தெலுங்கை வாயோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் பேச்சில் என்னை மிஞ்ச முடியாது. குண்டூர் வியாபாரி போனில் பேசினால் நான் தமிழன் என்று கண்டுபிடிக்க மாட்டான்.

பி.பி.யைப் பல வருஷம் கவனிக்காமல் விட்டதில் கோவிந்தசாமிக்கு கிட்னி பழுதாகிவிட்டது. பாதிக்கும் கீழேதான் வேலை செய்கிறது என்றார்கள். திருப்பதியில் கிட்னிக்கு நல்ல டாக்டர் இருக்கிறார், நான் கூட்டிப்போகிறேன் என்றேன். டாக்டர் தெலுங்குக்காரர். கோவிந்தசாமிக்கும் சரோஜாவுக்கும் தெலுங்கு வராது. அதனால் என்ன? நான் இருக்கிறேனே!

முதல் நாள் டாக்டர் அறைக்கு வெளியே அத்தனை கூட்டம். அவர் வேகவேகமாகச் சொன்னார். தினமும் கீரா சாப்பிடட்டும்: "ரோஜூ கீரா தினண்டி." சுரைக்காய், பீர்க்கங்காய் சாப்பிடலாம். வாழைப்பழமும் இளநீரும் வேண்டாம்: "அரட்டி பண்டு வத்து. கொப்பரி நீள்ளு வத்து. ஆகு..."

"தெலுசு சார், தெலுசு!" என்றேன். தெரியும் சார், தெரியும். பின்னால் ஆட்கள் நிற்கும்போது அவரை எதற்கு நீட்டி முழக்க விட வேண்டும்? அவர் ஒரு தாளில் தெலுங்கில் எழுதிக் கொடுத்தார். டாக்டர் கையெழுத்தில் கடாக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். படிக்க வராது என்று மச்சினன் எதிரில் எப்படிச் சொல்வது?

வெளியே வந்ததும் கோவிந்தசாமி கேட்டான்: "இன்னா மச்சான் சொன்னாரு?"

"தெனம் கீர துன்னணுமாம். சொரக்கா, பீர்க்கங்கா துன்லாம். வாழப்பழமும் எளநியும் கூடாதாம்."

"உனுக்கு மட்டும் எளநி, எனக்குக் கூடாதா? டாக்டருகிட்ட சொல்லி வச்சி வஞ்சன பண்ட்டியா?"

"அதுக்குப் பதிலாத்தான் மாப்ளே கீர. எளநிக்கும் சேத்து டபுளா துன்னு."

டபுள் என்பது டாக்டர் சொன்னதல்ல. அது என் பங்குக்கு நான் போட்ட மேலுரம்.

மூன்று வாரம் சரோஜா வீட்டில் கீரை ராஜ்ஜியம். காலையில் முருங்கைக் கீரை, மத்தியானம் அரைக்கீரைக் கடைசல், சாயங்காலம் கீரை வெந்த தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டு சூப். 'தண்ணீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது' என்று போனில் சொன்னதும் நான்தான். கோவிந்தசாமி சிரிப்பான்: "மச்சான், தெருவுல போற ஆடுங்கோ என்னப் பாத்தா பங்கு கேக்குதுங்கோ!"

மூன்றாவது வாரம் சிரிப்பு குறைந்தது. "காலு கனக்குது மச்சான். ஓடைத் தண்ணில நடக்கற மாதிரியே கீது."

"சத்து ஏறுது மாப்ளே. அப்டித்தான் இருக்கும்."

இதையும் நான்தான் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இனி வராந்தாவுக்கு வருகிறேன். சிவப்பு வட்டம் போட்ட தாளோடு நர்ஸ் நிற்கிறார். அவருக்குத் தமிழும் கொஞ்சம் வந்தது. "பொட்டாசியம் ரொம்ப ஏறிப்போச்சு. ஏம் தின்னாரு? என்ன சாப்பிட்டாரு?"

"டாக்டர் சொன்ன பிரகாரம்தாம்மா. மூணு வேளையும் கீரா."

"கீராவா? மஞ்சிதே... நல்லதுதானே. கீரா தின்னா இப்படி ஏறாதே. அரட்டி பண்டு?"

"தொடவே இல்ல."

"கொப்பரி நீள்ளு?"

"மோந்துகூடப் பாக்கல."

"அப்புறம் எப்படி?" அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களுக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். "இன்னிக்குக்கூட கொண்ணாந்து கீறேன், பாரும்மா. கீர கடைசல்."

நர்ஸ் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஐயோ... இதி கீரா காது, கீரா இல்ல! இது ஆகுகூரா! கீரா அண்ட்டே வெள்ளரிக்கா, வெள்ளரிக்கா!"

டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

நம் பக்கத்தில் கீரையை 'கீரை' என்று யார் வாயால் சொல்கிறார்கள்? எழுத்தில்தான் அந்த 'ஐ'. வாயில் எப்போதும் 'கீர'தான். வெள்ளரிக்காயை எங்கள் ஊர்த் தெலுங்குக்காரர்கள் 'தோசகாயா' என்பார்கள். இந்த 'கீரா' டவுன் கடைகளோடு வந்த வார்த்தை. என் காதில் அதுவரை விழுந்ததில்லை. டாக்டர் கடைசியாகச் சொல்ல வந்த 'ஆகு...' என்பதை நான் பாதியில் வெட்டினேனே, அது ஆகுகூரா. கீரை. 'கீரை வேண்டாம்' என்று சொல்ல வந்தவரிடம்தான் தெரியும் என்றேன். அன்று எழுதிக் கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன், அதன் கடைசி வரியிலும் அதுவே இருந்ததாம். டாக்டர் பிரித்துப் படித்துக் காட்டினார். அன்று மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கிட்னி வெளியே தள்ள முடியாத பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கிவிட்டது, இதயத் துடிப்பு தடுமாறுகிறது, நின்றுகூடப் போகலாம் என்று மட்டும் சொன்னார். கோவிந்தசாமி நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ஊசி போட்டார்கள். பெட்டியில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. கதவுக் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறும்... இறங்கும்... அடுத்தது ஏறுவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் கரும்புத் தோட்டம் தெரிந்தது, ஓடை தெரிந்தது, இரண்டு பையன்கள் தெரிந்தார்கள். மறுபடி ஏறியதும் எல்லாம் மறைந்தது. இப்படி எத்தனை தடவை! மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை.

சரோஜா அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "ணா, கடைக்கு எவன் வந்தாலும் மண்ணு டெஸ்ட் பண்ணியா, வடிகால் கீதான்னு கேட்டுட்டுதான ஒரம் குடுப்ப? என் வூட்டுக்காரரு வெசயத்துல மட்டும் ஏன் கேக்கல?"

இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் நான் சொன்ன பாடம் அது. வடிகால் இருக்கிற நிலத்தில் போட்டது பயிராகும். வடிகால் அடைத்த நிலத்தில் நல்ல தண்ணீரும் தேங்கி வேரை அழுக வைக்கும். என் உடம்பு வடிகால் உள்ள நிலம். அவனுடையது அடைத்த நிலம். ஒரே பொட்டாஷ்தான்... எனக்கு மருந்து, அவனுக்கு விஷம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து வயலைப் பார்த்தே சொல்கிறவனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்த மனிதன் தெரியவில்லை.

ஜன்னலில் மலை அப்படியே இருந்தது. மேகம் எப்போது போனது என்று பார்க்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே விட்டார்கள். துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்றார் நர்ஸ். கோவிந்தசாமி கண்ணைத் திறந்தான். சரோஜாவைப் பார்த்தான். அப்புறம் என்னை.

"மச்சான்..."

"சொல்லு மாப்ளே."

"அன்னிக்கு கோடு போட்டாங்களே... உன் ஊரையும் சேத்து எங்க பக்கமே தள்ளி இருந்தா, நீயும் தெலுங்கு கத்துக்கினு இருக்க மாட்ட. எனக்கும் இந்தப் பாடு இல்ல."

சரோஜா அப்போதுதான் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். போர்வைக்கு மேலேதான். அப்படியும் கால் கொஞ்சம் சில்லென்று இருந்தது.

வாசகர்களே, பி.பி. இருக்கிறவர்கள் வாழைப்பழத்தையும் கீரையையும் பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் இன்றும் இளநீர் குடிக்கிறேன், என் பி.பி. இன்றும் அடங்கி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கிட்னி எப்படி இருக்கிறது என்று ஒரு டெஸ்ட் பார்த்துக்கொள்ளுங்கள். பி.பி. மாத்திரையிலேயே சில வகை பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்குமாம். எந்த மாத்திரை என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உப்புக்குப் பதிலாக விற்கிற உப்பிலும் அதே பொட்டாசியம்தான் இருக்கிறதாம், அதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். முக்கியமாக உரக்கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் புதுத் தாளோடு வந்து நின்று, வழக்கம்போல வேகமாக ஆரம்பித்தார். எது தின்னலாம், எது கூடாது, எந்தக் காயை நறுக்கி வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும்... மழை மாதிரி தெலுங்கு. முக்கால்வாசி புரிந்தது. கோவிந்தசாமியும் சரோஜாவும் டாக்டர் வாயைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முடித்ததும் தலையை ஆட்டத்தான் போனேன். கழுத்து அசையவில்லை.

"அர்த்தம் காலேது சார்," என்றேன். "மெல்லகா மள்ளி செப்பண்டி." புரியவில்லை சார், மெதுவாக இன்னொரு தடவை சொல்லுங்கள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அறுபது வருஷத்துக்கு மேலாகத் தெலுங்கு பேசுகிறேன். பிழையே இல்லாமல் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.